கார் பேட்டரி மாற்றப் போகிறீர்களா? கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை, டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒருசேர மங்குகின்றன. பெரும்பாலானோர் பேட்டரியைப் பற்றி முதன்முதலாக யோசிப்பதே இந்த நிமிஷத்தில்தான். அவசரத்தில் கடைக்குப் போன் போடுகிறார்கள், கடைக்காரர் கையிருப்பில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறார், அதுவும் பல நேரம் ஒழுங்காகவே ஓடுகிறது. ஓடாத நேரங்கள்தான் தலைவலி. சிக்னலில் எஞ்சினைத் தானே அணைத்துக் கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள வண்டியில் சாதாரண பேட்டரி மாட்டி அது சீக்கிரமே படுத்துவிடுவது, தேவையே இல்லாத வண்டிக்கு ஏஜிஎம் என்கிற விலை கூடிய ரகத்தை வாங்கிக் காசை இறைப்பது, பிளஸ் டெர்மினல் எதிர்ப்பக்கம் போய்விட்டதால் கேபிளை இழுத்துப் பிடித்துக் கட்டுவது என்று இதில் பல ரகம் உண்டு.

எந்தக் கம்பெனி பேட்டரி நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. வண்டி எந்த வகைப் பேட்டரியை எதிர்பார்க்கிறது, பேட்டரி வைக்கிற தட்டில் எந்த அளவு உட்காரும், நீங்கள் வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள், அல்லது ஓட்டாமல் எத்தனை நாள் நிறுத்தி வைக்கிறீர்கள், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கடையில் மிஞ்சுவது இரண்டு மூன்று பேட்டரிகள்தான். அவற்றில் சமீபத்தில் தயாரானது எதுவோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலே பேட்டரி போச்சு என்று அர்த்தமில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும், பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, ராத்திரி முழுக்க நின்றிருந்தால் இன்னும் நல்லது, டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலேயோ இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0க்கு வந்துவிட்டால் கால் பங்குகூட மிச்சமில்லை. ஏன் 12.6 என்றால், உள்ளே ஆறு அறைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஓர் அறை செத்துவிட்டால் மீட்டர் 10.5க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் மேலே ஏறாது. அப்படிக் காட்டினால் யோசிக்க ஒன்றும் இல்லை, மாற்றிவிடுங்கள்.

ஆனால் நிற்கும்போது நல்ல வோல்ட்டேஜ் காட்டிவிட்டு, சுமை வந்ததும் காலை வாருகிற பேட்டரிகள் நிறைய. அதனால் மீட்டரை வைத்தபடியே இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் சட்டென்று கீழே விழும், எஞ்சின் பிடித்ததும் மறுபடி மேலே வரும். சாதாரண வெயிலில், முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி 10க்குப் பக்கத்தில் இறங்கி எழுந்தால் கவலை இல்லை. 9.6க்குக் கீழே போய் அங்கேயே திணறினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். அதற்கும் கீழே என்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றினால் புதுசும் இறங்கிப்போகும், கடைக்காரரோடு சண்டை வேறு மிஞ்சும். இங்கே ஒரு விதிவிலக்கு: புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே தேவைக்கேற்ப ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும், அவற்றில் சில நேரம் 13க்குக் கீழே காட்டுவதும் இயல்புதான், ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

டெர்மினலையும் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ மாவு பூத்துக் கிடந்தால் வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, கிளாம்ப்பை இறுக்கி மாட்டிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பிப் பாருங்கள். கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடுகிறது என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். இன்னொன்று, வண்டி பூட்டி நிற்கும்போதும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும், அலாரமும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் அரைத்தூக்கத்தில் இருக்கின்றன அல்லவா. 50 மில்லி ஆம்பியருக்குள் என்றால் பொதுவாகச் சரி. அதற்கு மேல் போனால் எங்கேயோ ஏதோ அணையாமல் இருக்கிறது, அதைப் பிடிக்காமல் பேட்டரி மாற்றுவது வீண்.

பேட்டரிக்கு வயது இரண்டு மூன்று வருஷம்தான், உள்விளக்கை அணைக்க மறந்ததால் இறங்கிப்போனது என்றால், நல்ல சார்ஜரில் போட்டு மெதுவாக முழுசாக ஏற்றுங்கள், ஒரு நாள் சும்மா விட்டு மறுபடி அளந்து பாருங்கள். 12.5க்கு மேல் நின்றால் காசு மிச்சம். மூடி திறக்கிற ரகம் என்றால் உள்ளே தட்டுகள் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்கிறதா பாருங்கள், குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் ஊற்றக் கூடாது. செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் என்று விற்கிற பொடி, திரவம் வகையறாக்களை நான் வாங்க மாட்டேன். தட்டிலிருந்து உதிர்ந்து அடியில் போய்ச் சேர்ந்த சரக்கை எந்தப் பொடியும் திரும்ப ஒட்டவைக்காது. ரீகண்டிஷன் செய்த பேட்டரிகளுக்கும் என் பதில் அதேதான்.

வகைகளுக்கு வருவோம்

எல்லாமே அடிப்படையில் ஒரே விஷயம்: ஈயத் தட்டு, ஈய டை ஆக்சைடு தட்டு, நடுவில் நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட். 1859ல் பிரான்ஸில் காஸ்தோன் பிளான்டே செய்து காட்டியதுதான். காருக்குள் செல்ஃப் ஸ்டார்ட்டராக அது வேலைக்கு வந்தது 1912ல், காடிலாக் வண்டியில். அதற்கு முன் இரும்புக் கம்பியை முன்னால் செருகிக் கையால் சுற்றினார்கள். இந்த நூறு வருஷத்துக்கு மேலான காலத்தில் மாறியது தட்டின் கலவையும் ஆசிட்டை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்பதும்தான்.

மேலே ஆறு மூடி உள்ள பழைய ரகத்தில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருக்கும். அது நீரைச் சீக்கிரம் காலி செய்யும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். மலிவு, கரடுமுரடாக நடத்தினாலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பானெட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு இது ஆகாது, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், எத்தனை பேர் மாதாமாதம் திறந்து பார்க்கிறோம்?

அடுத்தது மெயின்டனன்ஸ் ஃப்ரீ. ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம், அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு, நின்றுகொண்டிருக்கும்போது தானாக இறங்குவதும் குறைவு. ஸ்டார்ட்-ஸ்டாப் இல்லாத சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும், இதற்கு மேல் செலவு செய்வதற்குக் காரணம் வேண்டும். இதன் பலவீனம் ஆழமாக இறங்குவது. சுத்தமாகக் காலியாகும் ஒவ்வொரு முறையும் ஆயுளில் ஒரு பகுதி போய்விடும், அப்படிச் சில தடவை ஆனாலே பழைய நிலைக்கு வராது. மிகப் பழைய வண்டியில் சார்ஜிங் 13.8ஐத் தாண்டாது என்றால் கால்சியம் பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடு ஓடும், அந்த மாதிரி வண்டிக்கு ஆறு மூடி உள்ள அந்தப் பழைய ரகமே பொருத்தம்.

இஎஃப்பி என்பது இதையே பலப்படுத்திய வடிவம். தட்டின் மேல் பாலியெஸ்டர் வலைத்துணி ஒட்டியிருக்கும், சரக்கு உதிராமல் அது பிடித்துக்கொள்ளும், தட்டின் கலவையில் கார்பனும் சேர்ப்பார்கள், அதனால் சார்ஜை வேகமாக வாங்கும். சிக்னலில் எஞ்சினைத் தானே அணைத்துத் தானே கிளப்புகிற எளிய ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளுக்காக வந்தது. என் கணக்கில், ஸ்டார்ட்-ஸ்டாப் இல்லாத வண்டிக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்று தோன்றினால் அந்தக் கூடுதல் பணம் போக வேண்டிய இடம் இதுதான். குட்டிக் குட்டித் தூரம் ஓட்டுகிறவர்கள், நெரிசலில் ஏசி போட்டு ஊர்கிறவர்கள், டேஷ்கேம் மாதிரி ஏதாவது இணைத்து வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் பலன் தெரியும்.

ஏஜிஎம்மில் ஆசிட் திரவமாக ஆடாது. கண்ணாடி இழைப் பாய் ஸ்பாஞ்சு மாதிரி அதை உறிஞ்சி வைத்திருக்கும், தட்டுகளும் பாயும் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும், அதனால் அதிர்வைத் தாங்கும், உள் மின்தடை குறைவு, பெரிய கரண்ட்டைச் சட்டென்று கொடுக்கும், சட்டென்று வாங்கவும் செய்யும். மற்ற பேட்டரிகளில் காலப்போக்கில் கனமான ஆசிட் அடியில் தங்கி மேலே நீர்த்துப்போகும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஏற்றி இறக்கும் சுற்றுகளைப் பொறுத்தவரை, சாதாரண பேட்டரியைவிட இஎஃப்பி இரண்டு மடங்கும் ஏஜிஎம் மூன்று மடங்கும் தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. பிரேக் பிடிக்கும்போது ஆல்டர்னேட்டர் வழியாகச் சக்தியை மீட்டுச் சேமிக்கிற வண்டிகள் ஏஜிஎம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: மீட்ட சக்தியை வாங்க இடம் வேண்டும் என்பதற்காக அந்த வண்டிகள் பேட்டரியை வேண்டுமென்றே முழுசாக ஏற்றாமல், சுமார் எண்பது சதவீதத்தில் வைத்திருக்கும். ஈய பேட்டரிக்கு அரைகுறை சார்ஜில் வாழ்வது விஷம், தட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். சாதாரண பேட்டரி அங்கே சீக்கிரம் செத்துப்போவது அதனால்தான், 'போலி பேட்டரி கொடுத்துவிட்டார்கள்' என்பதால் அல்ல.

அப்படியானால் எல்லா வண்டிக்கும் ஏஜிஎம் போட்டுவிடலாமா என்றால், மாட்டலாம், ஓடும், ஆனால் நான் போட மாட்டேன். அதற்கு வெப்பம் ஆகாது. அதிக வோல்ட்டேஜில் ஏற்றினாலோ சூட்டில் வெந்தாலோ வால்வு வழியாக வெளியேறும் நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை, உலர்ந்து போகும். கார்க் கம்பெனிகள் பலவும் ஏஜிஎம் பேட்டரியை டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். எஞ்சினை ஒட்டி வைத்திருந்தால் சுற்றி ஒரு வெப்ப உறை போட்டிருப்பார்கள், பேட்டரி மாற்றும்போது மெக்கானிக் அந்த உறையைத் தூக்கி மூலையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே விதி ஒன்றே ஒன்று, அதில் சமரசம் வேண்டாம்: ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான். இஎஃப்பி இருந்த இடத்தில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம். சாதாரணம் இருந்த இடத்தில் சாதாரணமோ இஎஃப்பியோ. மேலே ஏறலாம், கீழே இறங்கக் கூடாது. "ஸ்டார்ட்-ஸ்டாப்பை நான் ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஓட்டுகிறேன், சாதாரணமே போதும்" என்பவர்கள் உண்டு. சிக்னலில் அணைப்பதை மட்டும்தான் அந்தப் பட்டன் நிறுத்துகிறது, பேட்டரியை எவ்வளவு ஏற்றுவது என்ற வண்டியின் கணக்கு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

ஜெல் பேட்டரியைக் காருக்கு யாராவது சிபாரிசு செய்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மெதுவாக எடுத்து மெதுவாக ஏற்றும் வேலைக்கு அது நல்லது, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜும் எஞ்சின் சூடும் அதற்குச் சரிப்படாது. சில கடைகளில் ஏஜிஎம்மையே ஜெல் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது, லேபிளைப் படித்துவிடுங்கள்.

லித்தியம் பற்றியும் கேட்பீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடையில் பாதிக்கும் குறைவு, சுற்றுகள் ஏராளம், நின்றாலும் அவ்வளவாக இறங்காது. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை ஏற்றக் கூடாது, ஏதாவது கோளாறு என்றால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் ஓடும்போதே துண்டித்துவிடலாம், ஈய பேட்டரிக்கென்று கணக்கு வைத்திருக்கும் வண்டியின் சென்சார் குழம்பும். 2010ல் போர்ஷே தன் 911 ஜிடி3 முதலான சில மாடல்களுக்கு லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தபோது, ஆறு கிலோவுக்கும் குறைவான எடை என்று பெருமையாகச் சொன்னது. கூடவே குளிருக்காக ஒரு வழக்கமான ஈய பேட்டரியையும் சேர்த்தே கொடுத்தது! எடையில் பத்து கிலோ குறைப்பதற்காகப் பணம் கொடுக்கிற பந்தய ஆட்களுக்கு அது சரி. தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு எதற்கு?

ஹைபிரிட் வண்டியும் மின்சார வண்டியும் தனிக் கதை. அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, அது இறங்கிவிட்டால் அடியில் அத்தனை பெரிய பேட்டரி இருந்தும் வண்டி எழுந்திருக்காது, கதவுகூடத் திறக்காமல் போகலாம். முழு ஹைபிரிட் பலவற்றில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பேட்டரிதான், சின்னதன் வேலை கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை மூடுவதோடு முடிந்தது. ஆகவே செல்ஃப் எடுக்கும் பலம் அங்கே பெரிய விஷயமில்லை. பேட்டரி பயணிகள் இருக்கும் பகுதிக்குள் இருந்தால் வாயுவை வெளியேற்றும் குழாய் இணைப்பு உள்ள ஏஜிஎம்தானா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

லேபிளில் உள்ள எண்கள்

ஆம்பியர் அவர் என்பது கொள்ளளவு, இருபது மணி நேரக் கணக்கில் அளப்பது. 60 என்றால் 3 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் கொடுக்கும், அதற்குள் 10.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். சிசிஏ என்பது குளிரில் செல்ஃப் எடுக்கும் பலம், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கரண்ட் தள்ளும் என்பது.

இந்த இரண்டில் எதற்கு மதிப்புக் கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் வீதம் இரண்டு வினாடி இழுக்கிறது என்று வையுங்கள். மொத்தச் செலவு 0.11 ஆம்பியர் அவர், அவ்வளவுதான்! 60 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட் ஆவதற்குக் கொள்ளளவு முக்கியமில்லை, ஒரே நேரத்தில் அந்த 200ஐக் கொடுக்கும் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதுதான் சிசிஏ. மாறாக வண்டியை நிறுத்தி வைப்பதற்குக் கொள்ளளவுதான் எல்லாம். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர், ஒரு மாதத்துக்கு 36. அதே 60 பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கிற டேஷ்கேம் கால் ஆம்பியர் இழுத்தால் ஐந்து நாளில் பாதி போய்விடும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களும் டீசல் வண்டிக்காரர்களும் சிசிஏவைப் பார்த்து வாங்க வேண்டும், டீசலுக்கு அழுத்தம் அதிகம், எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கும் கரண்ட் தின்னும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் ஆம்பியர் அவரைப் பார்க்க வேண்டும்.

சிசிஏவிலும் ஒரு வலை இருக்கிறது. அமெரிக்க எஸ்ஏஇ முறை 30 வினாடியில் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் அளப்பது, ஐரோப்பிய இஎன் முறை 10 வினாடி, 7.5 வோல்ட். பழைய ஜெர்மானிய டிஐஎன் முறையில் அளந்தால் அதே பேட்டரிக்கு எண் நன்றாகவே சின்னதாக வரும். 'சி' ஒன்று குறைந்து வெறும் சிஏ என்று போட்டிருந்தால் அது பூஜ்ஜியம் டிகிரியில் அளந்தது, எண் பெரிதாகத் தெரியும். ஒரே முறையில் அளந்த எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

"பெரிய பேட்டரி போட்டால் ஸ்டார்ட்டர் எரிந்துவிடும்" என்பது வெறும் பயம், ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். "பெரிய பேட்டரியை ஆல்டர்னேட்டரால் ஏற்ற முடியாது" என்பதும் பாதி உண்மைகூட இல்லை, நீங்கள் எடுத்ததைத் திரும்ப நிரப்புவதுதான் அதன் வேலை, எடுத்தது ஒரே அளவுதானே. பேட்டரி வைக்கிற தட்டில் உட்கார்ந்தால், ஒரு படி பெரியதைப் போடுவதில் தவறில்லை. பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் உள்ள வண்டியில் அந்தப் புதிய கொள்ளளவை வண்டிக்குச் சொல்ல வேண்டியிருக்கும், அது மட்டும்தான். குறைந்த ஆம்பியர் அவருக்கோ குறைந்த சிசிஏவுக்கோ இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வெயில் ஊர்க்காரர்கள் சிசிஏ பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். பேட்டரியின் உண்மையான எதிரி வெப்பம். சுற்றுவட்ட வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. கோடையில் பட்ட அடி குளிர்காலத்தில்தான் வெளியே தெரியும், அதனால் குளிர்மேல் பழி விழுகிறது. சூடான இடத்தில் வசிக்கிறவர்களுக்கு வெப்ப உறை, நிழல், நீர் மட்டம் இவை சிசிஏவில் கூடுதலாக வரும் 50ஐவிடப் பெரிது.

உட்காருமா?

இது சலிப்பான பகுதி, ஆனால் கடைக்குப் போய்த் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். ஜப்பானிய முறையில் 55பி24எல்எஸ் என்று எழுதியிருந்தால், 55 என்பது திறன் வரிசை, ஆம்பியர் அவர் அல்ல. பி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகுப்பு. 24 என்பது நீளம், சுமார் 24 சென்டிமீட்டர். எல் அல்லது ஆர் என்பது பிளஸ் எந்தப் பக்கம் என்பது. எஸ் இருந்தால் தடித்த டெர்மினல். இந்த எஸ்ஸைக் கவனிக்காமல் வாங்கி, மெல்லிய டெர்மினலில் பெரிய கிளாம்ப்பை மாட்டி, இடைவெளிக்குத் தகரத் துண்டைச் செருகி வைத்திருக்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். தற்காலிகம் என்று செருகுவார்கள், வருஷக்கணக்கில் அதுவே இருக்கும்.

ஐரோப்பிய முறையில் எல்2, எல்3 என்று போகும். அகலம் 175 மிமீ, உயரம் 190 மிமீ, நீளம் மட்டும் மாறும், எல்2 என்றால் 242, எல்3 என்றால் 278. பெயரில் பி சேர்ந்து எல்பி2, எல்பி3 என்று வந்தால் உயரம் 175தான். உயரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உயரமான பேட்டரியின் பிளஸ் முனை பானெட்டின் இரும்பைத் தொட்டால் நடப்பது நெருப்பு. அமெரிக்க முறையில் குரூப் எண் இருக்கும், அங்கே 48 என்பதும் எச்6 என்பதும் எல்3 என்பதும் ஒரே பெட்டிதான், பெயர்தான் மூன்று. பழைய பேட்டரியை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், லேபிள், டெர்மினல் பக்கம், கீழே பிடிக்கிற விளிம்பு மூன்றும் தெரியும்படி. ஆனால் அந்தப் பழசையே முந்தைய ஓனர் தப்பாக மாட்டியிருக்கலாம், அதனால் வண்டியோடு வந்த கையேட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தேதி, எடை, வாரண்டி

ஈய பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் இறங்கும், கிடங்கு சூடாக இருந்தால் வேகமாக இறங்கும், இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் நீங்கள் மாட்டுவதற்கு முன்பே ஆயுளில் கொஞ்சம் போயிருக்கும். தயாரித்த தேதியைக் கேளுங்கள். சிலர் நேராக அச்சடிப்பார்கள், சிலர் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டுக்கு ஒற்றை இலக்கமும் போடுவார்கள், ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி. மூன்று மாதத்துக்குள் தயாரானது நல்லது. ஆறு மாதம் தாண்டியதை, எவ்வளவு தள்ளுபடி என்றாலும் நான் தொட மாட்டேன். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 12.5க்குக் கீழே காட்டினால் வேறொன்றைக் கேளுங்கள். பிரபலமான பெயர் உள்ள பழைய சரக்கைவிட, பெயர் அவ்வளவு தெரியாத புதுச் சரக்கு மேல் என்பது என் கருத்து. இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

ஒரே அளவு, ஒரே வகை, ஒரே எண் போட்ட இரண்டு பேட்டரி முன்னால் இருந்தால் தூக்கிப் பாருங்கள். கனமானதில் பொதுவாக ஈயம் கூடுதல்.

வாரண்டி 'இத்தனை மாதம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் பகுதியில் பழுதானால் புதுசு இலவசம். இரண்டாம் பகுதியில் விகித முறை, அதாவது மிச்சமுள்ள மாதத்துக்குத் தகுந்த தள்ளுபடிதான் கிடைக்கும், அதுவும் அன்றைய முழு விலையின்மேல். இலவச மாற்றுக் காலம் நீளமாக உள்ளதே நல்ல வாரண்டி, மொத்த மாதம் எவ்வளவு என்பது அல்ல. வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் காலம் குறைவாக இருக்கலாம், சார்ஜ் இறங்கிப் போனதைப் பழுதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் சாதாரண ரகம் மாட்டியிருந்தால் கையை விரித்துவிடுவார்கள். பில்லில் வண்டி எண்ணும் பேட்டரி சீரியல் எண்ணும் தேதியும் எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த வரிசை. கீழே பிடித்து நிறுத்தும் கிளாம்ப்பை ஒழுங்காக இறுக்க வேண்டும், ஆடுகிற பேட்டரியின் தட்டுகள் அதிர்ச்சியில் உதிரும், எத்தனையோ நல்ல பேட்டரிகள் இந்த ஒரு போல்ட்டால் செத்திருக்கின்றன. டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ இருந்தால் வாயு போகும் குழாயைத் திரும்ப இணைக்க மறக்காதீர்கள்.

மைனஸ் டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருந்தால், பேட்டரி மாற்றிய விஷயத்தை வண்டிக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். சில வண்டிகள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் உள்ளே பழைய கிழட்டு பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து அதற்கேற்பவே ஏற்றிக்கொண்டிருக்கும். வாங்கும் முன்பே கேளுங்கள், இந்த வேலைக்கும் சேர்த்துத்தானா விலை என்று. ரேடியோ கோடு கேட்கலாம், பவர் விண்டோ ஆட்டோவாக ஏறாமல் போகலாம், பட்டனை மேலே இழுத்துச் சில வினாடி பிடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

பழசைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், அதில் உள்ள ஈயமும் பிளாஸ்டிக்கும் உருக்கித் திரும்ப பேட்டரிக்கே போகும், பல கடைகளில் விலையிலும் கழிப்பார்கள். மாட்டிய மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். முந்தைய நாள் கடையில் 12.6 காட்டியது இப்போது 12.3 என்றால், ஒன்று வண்டியில் கசிவு இருக்கிறது, அல்லது பேட்டரியே சரியில்லை. மைனஸைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். கழற்றி வைத்த பிறகும் இறங்கினால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள், இறங்காமல் நின்றால் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுத்துக் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.